கழன்று விழுந்த சீட்டு

பெரியம்மா முப்பத்தொரு வருடம், மற்றவர்கள் தொலைத்த பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒரு ஜன்னலும் அதன் முன்னால் ஒரு பலகையுமாக இருந்த அறை அது. உள்ளே கூரை வரைக்கும் இரும்புத் தட்டுகள். பேருந்துகளில் மறந்துவிட்டுப் போனதெல்லாம் சாயங்காலத்துக்குள் அங்கே வந்து சேரும். குடைதான் அதிகம். அப்புறம் மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, எக்ஸ்ரே உறை. ஒருமுறை முழு மரக்கதவு ஒன்று வந்தது. “கதவையே மறந்துட்டு இறங்கியிருக்கான் மனுஷன். வீட்டுக்குப் போய் எதைத் தட்டியிருப்பான்?” என்று பெரியம்மா பல வருடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வந்து சேரும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பழுப்பு அட்டையில் ஒரு சீட்டு உண்டு. ஓரத்தில் ஓட்டை, ஓட்டையில் நூல். எண், பொருள், கிடைத்த இடம், அடையாளம், உரியவர் என்று ஐந்து வரிகள் அச்சடித்திருக்கும். பெரியம்மா அதை நிரப்பி, பொருளோடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவார். அவர் போட்ட முடிச்சு கழன்று யாரும் பார்த்ததில்லை. நிலையத்தில் ஓட்டுநர்களுக்கும் கூட்டுகிறவர்களுக்கும் அவர் சீட்டக்கா.

பொருளைத் தேடி வருகிறவரிடம் “இதுவா உங்களுது?” என்று அவர் கேட்கவே மாட்டார். “என்ன தொலைச்சீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சீட்டில் ‘பொருள்’ என்ற வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு காத்திருப்பார். சொல்ல வேண்டியது தொலைத்தவர்தான். திக்கித் திணறினாலும், தலையைச் சொறிந்தாலும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும், இவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். சொன்ன அடையாளம் சீட்டோடு பொருந்தவில்லையென்றால், “பொருந்தல. நல்லா யோசிச்சுட்டு வாங்க” என்பார். கோபமாக இல்லை, நாளைக்கும் கடை திறந்திருக்கும் என்று சொல்கிற குரலில்.

இந்த முறையைப் புரிந்துகொள்ளாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்ட உதவியாளர்தான் குடை. அவருடைய உண்மைப் பெயரைப் பெரியம்மா சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கறுப்புக் குடையைத் தூக்கிக் காட்டி “இதுவா?” என்று அவர் கேட்க, வரிசையில் நின்ற மூன்று பேரும் “ஆமா, அதேதான்” என்றார்களாம். அன்று முதல் அவர் குடை. இப்போது தலை நரைத்து, அந்த அறைக்கே பொறுப்பாளராக இருக்கிறார். இன்னமும் குடைதான்.

ஒருநாள் நல்ல உடை உடுத்திய ஒருவர், வாயைக் கையால் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். அவர் முறை வந்தபோது பேசவில்லை. பெரியம்மா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு ஒரு தாளையும் பென்சிலையும் பலகையில் நகர்த்தி, “எழுதிக் கொடுங்க, அதுவும் செல்லும்” என்றார். பல்செட்டைக் காகிதப் பையில் போட்டு, பையின் வாயை மடித்து, வெற்றிலைப் பொட்டலம் மாதிரி கொடுத்தனுப்பினார். இந்தக் கதையைக் குடைதான் எனக்குச் சொன்னார். பெரியம்மா சொன்னதில்லை. யார் என்ன தொலைத்தார்கள் என்பதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கதவு மட்டும் விதிவிலக்கு.

அவர் என் அம்மாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, அம்மாவும் நானும் இரண்டு பெட்டிகளோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது ஐந்து வயது. இது அவர் வீடு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைப் படிக்கும்போது அது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆறாவது வருடம் மறதி தொடங்கியது. முதலில் வார்த்தைகள் போயின. கத்தரிக்கோலை “வெட்டறது” என்றார். பிறகு கேட்டதையே கேட்டார். ஒருநாள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து வீடெல்லாம் வாயு நாற்றம். அன்றே அம்மா அடுப்பின் திருகுகளைக் கழற்றித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். அடுத்து இஸ்திரிப் பெட்டி போனது. அப்புறம் கத்தரிக்கோல், கைபேசி. கடைசியில் வீட்டுச் சாவி. “எங்கிட்ட பத்திரமா இருக்கட்டுமே அக்கா” என்று அம்மா கேட்டபோது பெரியம்மா தயங்காமல் கொடுத்தார். ஆனால் கொடுத்த பிறகு கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சாவி வாங்கியதற்கு ஒரு சீட்டு எழுதி அந்தக் கையில் கொடுப்போம் என்று நினைத்தாரோ என்னவோ.

அம்மாவைக் குறை சொல்லிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. நான் செய்ததும் அதேதான், கொஞ்சம் நாசூக்காகச் செய்தேன், அவ்வளவுதான். என் வேலை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், ஒரு மொழியில் வரும் கடிதங்களை இன்னொரு மொழிக்கு மாற்றுவது. யாரோ சொல்ல வந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். மருத்துவர் பெரியம்மாவிடம், “காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். அவர் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் நான், “ரொட்டியும் முட்டையும்” என்றேன்.

“உங்களைக் கேக்கலம்மா, அவங்களைக் கேட்டேன்” என்றார் மருத்துவர்.

“விடுங்க டாக்டர்” என்றார் பெரியம்மா. “அவளும் அதான் சாப்பிட்டா.”

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் நிறுத்தியிருக்கலாம்.

எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் அவரிடம் மீதி இருந்தது. காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, துணிப்பையோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த பேக்கரிக்கு நடந்து போய் ரொட்டி வாங்கி வருவார். “வெட்டாம ஒண்ணு” என்பார். வெட்டின ரொட்டி அடுத்த நாளைக்குக் காய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. பேக்கரிக்காரருக்கு அவரைப் பத்து வருடமாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ரொட்டியை மேசையில் வைத்து, “கொண்டு வந்துட்டேன்” என்பார். அந்த நாளில் அவர் தானாகச் செய்து முடிக்கும் ஒரே காரியம் அது. அது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

குழாய் பதிப்பதற்காகப் பேக்கரித் தெருவைத் தோண்டினார்கள். தடுப்புப் பலகை வைத்துச் சுற்றிப் போகச் சொன்னார்கள். பெரியம்மா சுற்றிப் போனார். சுற்றிக்கொண்டே போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் தையல்கடைக்காரி கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

“எங்க தெரு முனைல நின்னுட்டிருந்தாங்க. பாவம், எங்க போகணும்னு கேட்டா சிரிக்கறாங்க. வயசானவங்களை இப்படித் தனியா விடலாமா?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பெரியம்மா அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். கையிலிருந்த பை காலியாக இருந்தது. அதை மடித்து, இன்னும் மடித்து, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு மடித்தார். அம்மா உள்ளே போய் அழுதார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

மறுநாள் ஏழு மணிக்குப் பெரியம்மா வெளிக்கதவு வரைக்கும் போனார். ஸ்வெட்டர், பை, செருப்பு எல்லாம் சரியாக இருந்தன. பூட்டைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், சீட்டு இல்லாமல் வந்த பொருளைப் பார்ப்பது போல. கதவை உலுக்கவில்லை, கூப்பிடவில்லை. கால்மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, “இந்தப் பூட்டுக்கு உரியவங்க யாரு?” என்று கேட்டார்.

“அம்மாதான் போட்டாங்க, பெரியம்மா. உங்க நல்லதுக்குத்தான்.”

“என் கதவுல என் தங்கச்சி பூட்டு” என்றார். ஏதோ நகைச்சுவை மாதிரி தனக்குள் சிரித்துக்கொண்டார். “நல்லா கனமாத்தான் வாங்கியிருக்கா.”

எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்பதற்காக நான் செய்தது இது.

வீட்டு மேசையின் இழுப்பறையில் அந்தப் பழுப்புச் சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. அச்சில் கோணலாக விழுந்துபோன கட்டு, நிலையத்தில் வேண்டாமென்று எடுத்து வந்தது. கடைக்குப் போக வேண்டிய பட்டியல் எழுதவும், புத்தகத்தில் அடையாளம் வைக்கவும் பயன்படும். ஒன்றை எடுத்தேன். ‘பொருள்’ என்ற இடத்தில் “ஞாபகமறதி உள்ள முதிய பெண். தனியாக வழி தெரியாது” என்று எழுதினேன். ‘அடையாளம்’ என்ற இடத்தில் “கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.” ‘உரியவர்’ என்ற இடத்தில் என் பெயரும் கைபேசி எண்ணும். பின்பக்கத்தில் அதையே இன்னொரு மொழியிலும் எழுதினேன். யார் கண்ணில் பட்டாலும் படிக்க முடிய வேண்டும் அல்லவா. இரண்டு பக்கத்திலும் ஒரு பிழைகூட இல்லை. எழுதி முடித்துச் சரிபார்த்தேன், அதுதான் ஞாபகம் இருக்கிறது.

பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தபோது ஸ்வெட்டரின் உள்பக்கம், மூன்றாவது பொத்தான் துளையில் அதைக் கட்டினேன். வெளியே தெரியாது. அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிடச் சம்மதித்தார்.

அதற்குள் தோண்டிய தெருவில் ஓரமாக நடக்க வழி விட்டிருந்தார்கள். நான்கு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. அவர் போனார், வந்தார், ரொட்டியை மேசையில் வைத்து “கொண்டு வந்துட்டேன்” என்றார். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் நான் செய்ததைச் சொன்னேன். “எவ்வளவு நல்ல யோசனை! நீ ரொம்ப நல்லா பாத்துக்கறே” என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் நாள் எட்டு மணியாகியும் அவர் வரவில்லை. பேக்கரிக்கு ஓடினேன். “ஏழேகாலுக்கே ரொட்டி வாங்கிட்டுப் போயிட்டாங்களே. கீழே ஏதோ அட்டையைக் குனிஞ்சு எடுத்தாங்க. ரொம்ப நேரம் படிச்சாங்க. அப்புறம் வேகமா போனாங்க” என்றார் பேக்கரிக்காரர். என் முடிச்சு கழன்றிருக்கிறது. நான்கு நாள்தான் தாங்கியிருக்கிறது.

அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடினோம். தோண்டிய தெருவில் சேற்றைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

“வணக்கம். பேருந்து நிலையம், தொலைஞ்ச பொருள் அறைலேர்ந்து பேசறேன். உங்க பொருள் ஒண்ணு சம்பந்தமா இங்க ஒரு சீட்டு வந்திருக்கு. நேர்ல வந்து பாத்துக்கங்க” என்றது ஒரு கனத்த குரல். பிறகு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது போல, “நான் குடை. அக்கா இங்கதான் இருக்காங்க, நல்லா இருக்காங்க. ஓடி வர வேண்டாம். ஆனா வாங்க.”

பேருந்து நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஏழு நிறுத்தம், நடுவில் ஒரு மாற்றம். ‘தனியாக வழி தெரியாது’ என்று நான் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சரியான பேருந்தில் ஏறி, சரியான இடத்தில் மாறி, அவர் அங்கே போயிருக்கிறார்.

குடை எனக்காக அறைக்கு வெளியே நின்றிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் பெரியம்மா தெரிந்தார். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நிலையத்தின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள வந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா?” என்றார் குடை. “‘குடை, சீட்டு கழண்டு வந்துடுச்சு. பொருளைக் காணோம்’ அப்படின்னாங்க. எங்க வேலைல அதை விடப் பெரிய தப்பு கிடையாதும்மா. பொருள் இருந்து சீட்டு இல்லேன்னா வேற எழுதிக்கலாம். சீட்டு இருந்து பொருள் இல்லேன்னா அது எங்கயோ நழுவிப் போச்சுன்னு அர்த்தம். ‘என் தங்கச்சி மகளோட பொருள் குடை, அவ பேர் போட்டிருக்கு. ஏதோ தொலைச்சிருக்கா, பதறிக்கிட்டிருப்பா, ஒரு போன் போட்டுடு’ன்னு சொன்னாங்க.”

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

“நானும் சீட்டைப் படிச்சேன்” என்றார். “நல்ல கையெழுத்து. ரெண்டு மொழியில வேற. நீங்க படிச்சவங்க.” கொஞ்சம் நிறுத்தி, “வரிசைல நில்லுங்க. குறுக்கே போனா அக்காவுக்குப் பிடிக்காது” என்றார்.

எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு கல்லூரிப் பெண் கணக்குப் புத்தகத்தைத் தேடி வந்திருந்தாள். பெரியம்மா கேட்டார், காத்திருந்தார். அவள் சொல்லி முடித்ததும் எழுந்து தட்டுகள் பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டார். எதற்கு எழுந்தோம் என்பது போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். குடை திறக்கவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, புத்தகங்கள் இருந்த தட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். பெரியம்மாவின் கண் மெல்ல நகர்ந்து அந்தக் கை வரைக்கும் வந்தது. “ஆங், புத்தகம்” என்று எடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பெண் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் இல்லாதபடி அது நடந்தது.

அடுத்தவர் கண்ணாடி உறை வாங்கிப் போனார். பிறகு என் முறை.

“வா பாப்பா. வரிசைல வந்தியா? நல்லது” என்றார் பெரியம்மா. அவர் கையில் என் சீட்டு. கட்டைவிரல் ‘பொருள்’ வரியின்மேல். “என்ன தொலைச்சே?”

“பெரியம்மா, வீட்டுக்குப் போகலாம் வாங்க. அம்மா தேடறாங்க” என்றேன். வீட்டில் அவரிடம் பேசுகிற குரலில், கொஞ்சம் உரக்க, கொஞ்சம் நிதானமாக.

“எனக்குக் காது கேக்குது. கேட்டதுக்குப் பதில் சொல்லு. இங்க எல்லாருக்கும் ஒரே முறைதான்.”

என் பின்னால் நின்றவர், “சீக்கிரம் சொல்லும்மா, என் பஸ் போயிடும்” என்றார்.

“பஸ் போனா அடுத்தது வரும். அவ சொல்லட்டும்” என்றார் பெரியம்மா அவரிடம்.

‘ஞாபகமறதி உள்ள முதிய பெண்.’ எழுதும்போது எவ்வளவு சுலபமாக வந்த வரி. அவர் முகத்துக்கு நேராக நின்று, நாலு பேர் கேட்க அதைச் சொல்ல வேண்டியிருந்தபோது, எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை.

“ஒரு ஆளை” என்றேன்.

“ஆளா?” அவர் புருவத்தை உயர்த்தினார். “ஆளையெல்லாம் இங்க எடுத்து வைக்கறதில்லை. கதவு வரைக்கும் வெச்சிருக்கோம். சரி, சொல்லு. அடையாளம்?”

“வயசானவங்க. ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க.”

“என்ன நிறம்?”

அந்த ஸ்வெட்டரை ஐந்து நாளாகத் தினமும் காலையில் எடுத்துக் கொடுத்தது நான். உள்பக்கத்தைத் திருப்பி, பொத்தான் துளையைத் தேடி, சீட்டுக் கட்டியது நான். என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. பழுப்பா, நீலமா? உள்பக்கம்தான் ஞாபகம் வந்தது.

“பச்சை” என்றேன்.

“வேற?”

“ரொட்டியை வெட்டாம வாங்குவாங்க. கதவுக் கதையைச் சொன்னா அவங்களுக்கே சிரிப்பு வந்து பாதில நின்னுடும். ரெண்டு சுத்து சுத்தி ஒரு முடிச்சுப் போடுவாங்க, கழலாது. யார் என்ன தொலைச்சாங்கன்னு வெளில சொல்ல மாட்டாங்க.” அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியம்மா கட்டைவிரலை எடுத்துவிட்டுச் சீட்டைப் படித்தார். உதடுகள் அசைய, ஒவ்வொரு வார்த்தையாக. பின்பக்கமும் திருப்பிப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ சொல்றது எதுவும் இதுல எழுதலையே, பாப்பா” என்றார். “இதுல இருக்கறது வேற யாரோ. பொருந்தல. கொடுக்க முடியாது. நல்லா யோசிச்சுட்டு வா.”

பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். நான் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? குடையிடம் பின்னால் கேட்டேன். “எனக்கும் தெரியலம்மா” என்றார். சில நாள் தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன். சில நாள், அந்தச் சீட்டில் இருக்கும் பெண் எங்கேயோ வழி தெரியாமல் நிற்கிறாள், அவளை யாரும் தேடவில்லை என்று உண்மையிலேயே கவலைப்பட்டார் என்று தோன்றுகிறது. இரண்டில் எது என்றாலும் என் வெட்கம் ஒன்றுதான்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ஐந்து பேர் வந்து போனார்கள். பெரியம்மா இரண்டு இடத்தில் நின்றுவிட்டார், ஒரு எண்ணைத் தப்பாக எழுதினார். குடை ஒருமுறைகூட “நான் பாத்துக்கறேன் அக்கா” என்று சொல்லவில்லை. பேனா அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பதிவேடு சரியான பக்கத்தில் திறந்திருந்தது. எண் தப்பானபோது, “அக்கா, இதை ஒருதரம் பாத்துடுங்க, எனக்குக் கண்ணு சரியில்ல” என்றார். பெரியம்மா பார்த்தார், திருத்தினார். “கண்ணாடி போடுடா. அந்தக் காலத்துல குடையே தெரியல உனக்கு” என்றார். அவர் சிரித்தபோது பெரியம்மாவும் சிரித்தார்.

வரிசை தீர்ந்ததும் மறுபடி போய் நின்றேன்.

“சீட்டைத் தப்பா எழுதிட்டேன், பெரியம்மா.”

“தப்பா எழுதினா கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போடு. படிக்கற மாதிரி இருக்கணும். கீழே கையெழுத்துப் போடு.”

போட்டேன். என் எழுத்தின்மேல் என் கோடு, அதன் கீழே என் கையெழுத்து. குடை அதை வாங்கிப் பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். அதுவும் முறைதானாம்.

பெரியம்மா புதுச் சீட்டு ஒன்றை என் முன்னால் நகர்த்தினார். நான் அதை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினேன்.

“எதுக்கு இது?” என்றார்.

நேராகச் சொன்னேன். “நீங்க வெளில போறப்போ வழி குழம்பிடுச்சுன்னா, யாராவது உதவணும்னு. உங்ககிட்ட கேக்காம நான் எழுதிட்டேன். என்ன எழுதணும்? எழுதணுமா வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்.”

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பேருந்து கிளம்பிப் போனது. இன்னொன்று வந்து நின்று, ஆள் இறக்கி, அதுவும் போனது. நடுவில் நாலைந்து முறை என் நாக்கு நுனி வரைக்கும் வார்த்தை வந்தது. அவருக்குப் பதிலாக நானே முடித்துவிடும் வார்த்தைகள். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவருக்காக நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று அப்போது தெரிந்தது.

“தெரு தோண்டினா குழம்பிடுது” என்றார் கடைசியில், தணிந்த குரலில். “தையல்கடைக்காரி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. எனக்கு அது பிடிக்கல.”

“சரி.”

“வீட்டுக்குக் கொண்டு வந்து விட வேண்டாம். பேக்கரி எந்தப் பக்கம்னு கையைக் காட்டினாப் போதும். அங்கேர்ந்து எனக்குத் தெரியும்.”

பேனாவை எடுத்து அதையே எழுதினார். எழுத்து கோணலாகப் போய் வரியைத் தாண்டியது. “பேக்கரி எந்தப் பக்கம் என்று கை காட்டவும். கையைப் பிடிக்க வேண்டாம்.” அதன் கீழே பேக்கரி இருக்கும் தெருவின் பெயர். தன் பெயர். என் எண்ணை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

“அக்கா, ‘உரியவர்’னு ஒரு வரி காலியா இருக்கே?” என்றார் குடை.

“அது பொருளுக்கு” என்றார் பெரியம்மா.

சீட்டைத் தானே ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டார். ஸ்வெட்டர் கத்தரிப்பூ நிறம். மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு ஜோடி, கொஞ்சம் பெரியது. இப்போது யார் கேட்டாலும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டியை மேசையில் வைத்து, “கொண்டு வந்துட்டேன்” என்றார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். பிறகு பூட்டைத் தேடி எடுத்தார். பெரியம்மா கையை நீட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

“நடுத்தெருவுல நின்னா அந்தச் சீட்டை எடுத்துக் காட்டணும்னு உனக்கு ஞாபகம் வருமா அக்கா?” என்றார் அம்மா.

“வராமலும் போகலாம்” என்றார் பெரியம்மா. “பூட்டு போட்டா மட்டும் எனக்கு என்ன ஞாபகம் வரப்போகுது?”

அம்மா பூட்டைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, வீட்டுச் சாவியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு பெரியம்மா ஏழு மாதம் தனியாகப் போய் வந்தார். இரண்டு முறை யாரோ பேக்கரிப் பக்கம் கை காட்டினார்கள். ஒருமுறை யாரும் காட்டவில்லை, நாங்கள் மூன்று மணி நேரம் தேடினோம். அதற்குப் பிறகு ஒருநாள் அவரே, “நீயும் வா” என்றார். இப்போது கூடப் போகிறேன். பின்னால் இல்லை, பக்கத்தில். சில காலைகளில் நான் யார் என்று அவருக்குத் தெரிவதில்லை. அப்போது, “நானும் பேக்கரிக்குத்தான் போறேன், சேர்ந்து போகலாமா?” என்று கேட்கிறேன். சம்மதித்தால் போகிறோம். வேண்டாம் என்றால் கதவருகில் நிற்கிறேன், அவர் மறுபடி யோசிக்கும் வரைக்கும். பேக்கரியில் பேக்கரிக்காரரும் நானும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். ‘வெட்டாம’ என்ற வார்த்தை வந்து சேரச் சில சமயம் ரொம்ப நேரமாகிறது.

என் சீட்டு பேருந்து நிலையத்தில் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. பழைய பதிவேடுகளைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டுமாம். குறுக்கே கோடு இருந்தாலும் நன்றாகப் படிக்க முடிகிறது. மறந்துபோன குடையையோ டப்பாவையோ தேடிப் பக்கம் புரட்டும் யாரும் அதைப் படிக்கலாம். ஒரு பெண்ணைப் பொருள் என்ற வரியில் எழுதி, உரியவர் என்ற வரியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவள் யார் என்று கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.